பட்டியல் யாரிடம் போகிறது?

கொரோனாக் காலத்தில், தொற்றியவர் யார் யாரோடு பழகினார் என்று சுகாதாரத்துறை பட்டியல் எடுத்தபோது, இலங்கையின் வடக்கே வன்னிச் சனம் பெயர் சொல்லப் பின்னடித்ததை விழிப்புணர்வு இல்லாமை என்று சொல்லிவிட்டுப் போவது அநியாயம். 2009 இல் போர் முடிந்த கையோடு செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் பதிவு, விசாரணை என்று வரிசையில் நின்ற சனம் இது. பெயர் கொடுத்தவர்களில் சிலர் திரும்பி வரவேயில்லை. 2020 மார்ச்சில் கோவிட் தடுப்புச் செயற்பாட்டு மையத்துக்குத் தலைமை தாங்கியவர் அப்போதைய இராணுவத் தளபதி சவேந்திர சில்வா; இறுதிப் போரில் வன்னியில் 58 ஆவது படைப்பிரிவை நடத்தியவர். தொடர்பாளர்களை, அதாவது நோயாளியோடு பழகியவர்களை, தேடுவதிலும் புலனாய்வுத்துறை இறங்கியது. படையினரிடமிருந்து காணியை மீட்கச் சனம் போராடிய கேப்பாப்பிலவில், விமானப்படைத் தளமே தனிமைப்படுத்தல் நிலையமானது. அப்படியிருக்க, யார்தான் வாய் திறப்பார்கள்?

சீருடை படலைக்கு வெளியே நிற்கட்டும். பீ.எச்.ஐ. எனப்படும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரோ, பிள்ளைப்பேற்றுக் காலத்திலிருந்து வீட்டுக்கு வந்துபோகும் மருத்துவிச்சியோ போய்க் கேட்டால் பெயர்கள் வரும். விவரம் யாருக்குப் போகும், யாருக்குப் போகாது என்பதை முதலிலேயே சொல்லவேண்டும். போகாது என்று சொன்னால் போகவே கூடாது. ஒருமுறை கசிந்தால் அடுத்த வீட்டில் கதவு திறக்காது.

கேள்வி கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. “யாரோடு பழகினீங்கள்?” என்றால் “ஒருத்தரோடும் இல்லை” என்றுதான் பதில் வரும். அறிகுறி தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்னிருந்து, அறிகுறி இல்லாவிட்டால் மாதிரி எடுத்த நாளுக்கு இரண்டு நாள் முன்னிருந்து, காலை, மத்தியானம், பின்னேரம் என்று பிரித்துக் கேளுங்கள். எந்த பஸ், பக்கத்தில் யார், எந்தக் கிணற்றில் தண்ணீர், அருவி வெட்டுக்கு யாருடைய வயல், எந்தச் செத்தவீடு, நுண்கடன் குழுக் கூட்டம் எந்த வீட்டில்? கொரோனாவில் 1 மீற்றருக்குள் 15 நிமிடத்துக்கு மேல் இருந்தவர்களை நெருங்கிய தொடர்பாளர்களாகக் கணக்கெடுத்தார்கள். பட்டப்பெயரையும் எழுதுங்கள், பதிவுப் பெயரைச் சொன்னால் ஊரில் பலருக்கு ஆளே தெரியாது. தொடர்பாளரிடம் போகும்போது நோயாளியின் பெயரைச் சொல்லவே கூடாது.

இதையெல்லாம் சரியாகச் செய்தும் பட்டியல் குறுகுவதற்குப் பெரிய காரணம் சோறு. கூலிக்குப் போகும் பெண் தன்னோடு வயலில் நின்றவளின் பெயரைச் சொன்னால், அவளுக்கும் அப்போது 14 நாள் தனிமைப்படுத்தல், உழைப்பில்லை. இரண்டு கிழமைக்கு 10,000 ரூபா பெறுமதியான உலர் உணவுப் பொதி என்று அரசு அறிவித்தது. அந்தப் பொதி ஏழாம் நாள் வந்து என்ன பயன்? பெயர் எழுதும் அன்றே கிராம அலுவலருக்கு அறிவித்து, மறுநாள் அரிசி, பருப்பு, பால்மா வீட்டு வாசலுக்குப் போகவேண்டும். மாட்டுக்குத் தண்ணி வைக்க யார், நீரிழிவு மாத்திரை எடுத்து வர யார் என்பதையும் அதே படிவத்தில் குறிக்கவேண்டும்.

சாவுப் பயமும் இருந்தது. கொரோனாவில் இறந்தவர்களை, அடக்கம் செய்யும் வழக்கமுள்ள முஸ்லிம்களையும் சேர்த்து, எரித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயத் தகனம் 2021 பெப்ரவரி வரை நீடித்தது. மன்னார் முஸ்லிம் வீடுகளில் காய்ச்சலை மறைத்திருந்தால், அதை நோய்ப் பயம் என்று மட்டும் பார்க்க முடியாது. பின்னர் அடக்கத்துக்கு வடக்கிலுள்ள இரணைதீவைத் தெரிவு செய்ததும் அங்குள்ள மீனவக் குடும்பங்களைக் கேட்காமல்தான். அவர்கள் எதிர்த்துப் போராடிய பிறகே கிழக்கிலுள்ள ஓட்டமாவடிக்கு மாற்றினார்கள்.

அடுத்த தொற்றுக்கு ஆயத்தம் செய்பவர்கள் படிவத்தில் இன்னொரு வரி சேர்க்கட்டும்: இந்தத் தாளை எந்தத் திகதியில் அழிப்போம், யார் முன்னிலையில்.