உப்பு மாஸ்டர்

எங்கள் வரலாற்று மாஸ்டருக்கு நாங்கள் வைத்த பட்டம் "உப்பு". கைத்தொழில் புரட்சிப் பாடத்தில், கரும்பலகையில் "டைட்டஸ் சால்ட்" என்று எழுதிவிட்டுத் திரும்பி, "பேர் உப்பு, வித்தது கம்பளி" என்பார். வருடா வருடம் அதே பகிடி. சால்ட் ஆலை நடத்திய இங்கிலாந்து நகரமான பிராட்ஃபோர்டுக்கு நான் குடிவந்தபோது முதலில் ஞாபகம் வந்தது அதுதான்.

சால்ட் 1803இல் லீட்ஸுக்குப் பக்கத்தில் மோர்லியில் பிறந்தவர். லிவர்பூல் கிடங்கில் கேட்பாரற்றுக் கிடந்த, அல்பாக்கா என்ற தென்னமெரிக்க மிருகத்தின் உரோம மூட்டைகளை வாங்கி, பளபளக்கும் துணியாக்கிப் பெரும் பணக்காரரானார். மாஸ்டர் இதைத் துப்பறியும் கதைபோலச் சொல்வார். அல்பாக்காவை அவரும் கண்டதில்லை. கரும்பலகையில் ஒன்று கீறுவார், அது எப்போதும் கழுதையாகவே முடியும்.

1848இல் சால்ட் பிராட்ஃபோர்டின் இரண்டாவது மேயரானார். ஊரெல்லாம் ஆலைப் புகை. அடுத்த வருடம் கொலரா வேறு. புகையைக் குறைக்கும் கருவியைத் தன் ஆலைகளில் பூட்டிக் காட்டி, மற்ற முதலாளிகளையும் பூட்டச் சொன்னார். யார் கேட்டார்கள்? சரி, இந்த ஊரைத் திருத்த முடியாது என்று நினைத்தாரோ என்னவோ, ஏயர் ஆற்றங்கரையில் சொந்தமாக ஓர் ஊரையே கட்டினார். அங்கே ஆலையைத் திறந்தது 1853 செப்டெம்பர் 20, அவருடைய ஐம்பதாவது பிறந்தநாள். ஊருக்குப் பெயர் சால்ட்டேர்: பாதி அவர், பாதி ஆறு.

அங்கே முதன்முதல் போனபோது தெருப் பலகைகளைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். மனைவி கரோலின், பிள்ளைகள் ஜார்ஜ், ஃபானி, ஏடா, ஹெர்பர்ட்... குடும்ப அட்டையை வாசிப்பதுபோல இருந்தது. வரிசை வரிசையாகக் கல்வீடுகள், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், குளியலறைகள். மதுக்கடைக்கு மட்டும் இடமில்லை. வீட்டு வாசலில் உடுப்புக் காயப்போடுவதும் ஐயாவுக்குப் பிடிக்காது. அதற்கென்றே தனியாகச் சலவைக்கூடம் கட்டினார். சம்பளம் தருபவரே வீட்டுக்காரரும் என்றால் யார் எதிர்த்துக் கதைப்பது? மாஸ்டரின் பாடத்தில் இந்தப் பக்கம் வரவேயில்லை. நான் போன நாளில் அங்கே ஒரு மதுக்கடை இருந்தது. பெயர், "டைட்டஸிடம் சொல்லாதே".

ஆற்றுக்கு அப்பால் பூங்காவில் சால்ட்டின் சிலை நிற்கிறது. அடிப்பீடத்தில் வெண்கலத்தில் ஓர் அல்பாக்கா. படம் எடுத்து மாஸ்டருக்கு அனுப்பினேன். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. அன்றிரவே போன் எடுத்தார்.

"தம்பி, வடிவாப் பார். நான் கீறினது சரிதானே?"