வெண்கலப் புஷ், சில்வர் ஸ்டீல் ஷாஃப்ட்: இந்த முறை கோடு விழவில்லை

சின்ன நீராவி எஞ்சினின் 12 மி.மீ. சில்வர் ஸ்டீல் (பளபளப்பான உயர்கரிம எஃகு) கிராங்க் ஷாஃப்ட்டை ஓட்டிவிட்டுக் கழற்றியாயிற்று. ஷாஃப்ட்டில் ஒரு கீறல்கூட இல்லை, வழிந்த எண்ணெயும் கறுக்கவில்லை. கொஞ்சம் பீற்றிக்கொள்ளலாம்.

புஷ் (ஷாஃப்ட் உள்ளே சுழலும் உருளை உறை) சி93200 என்ற தர எண் கொண்ட வெண்கலம், ஈயம் 7 சதவீதம் அளவுக்கு. அழுத்தி ஏற்றினால் துளை சுருங்கும் என்பதால் ஏற்றிய பிறகே ரீமர் (துளையைச் சரியளவுக்குச் சீவும் கருவி). ஷாஃப்ட்டுக்கும் துளைக்கும் இடைவெளி 0.02 முதல் 0.03 மி.மீ. வரை. அவ்வளவுதான் புஷ் கதை.

பாடெல்லாம் ஷாஃப்ட்டில். 0.4 மி.மீ. முனை ஆரமுள்ள கடைசல் டிப்பில் (வெட்டு முனை) சுற்றுக்கு 0.1 மி.மீ. ஃபீடு (முனை நகரும் தூரம்) கொடுத்தால் முகடுகள் 3 மைக்ரான் நிற்கும், 0.05 என்றால் முக்கால் மைக்ரானைச் சற்றுத் தாண்டும். ஃபீடின் வர்க்கத்தை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் வரும் கணக்கு இது. டிப் நுனியில் உலோகம் ஒட்டிக்கொண்டால் பரப்பு கிழிந்து இதைவிட மோசமாகும். அந்த முகடுகள்தான் வெண்கலத்தை அரம்போல ராவுகின்றன. ஆகவே 0.02 மி.மீ. மிச்சம் வைத்து 400, 800, 1200 வாட்டர் பேப்பர், தட்டையான அலுமினியப் பட்டையின் மேல் ஒட்டி. விரலால் அழுத்தினால் ஓரம் கூம்பாகிவிடும்.

இனி, பலரும் அலட்சியம் செய்யும் கட்டம்: கழுவுவது. பேப்பரிலிருந்து உதிரும் கார்பைடு துகள் மென்மையான வெண்கலத்தில் புதைந்து, பல்லை நீட்டிக்கொண்டு ஷாஃப்ட்டை அறுக்கும். புஷ் புதுசுபோல இருக்க, கடினமான ஷாஃப்ட் தேய்வது இதனால்தான். முதலில் மண்ணெண்ணெய், அடுத்து பாத்திரம் கழுவும் திரவமும் வெந்நீரும், எண்ணெய்த் துளைக்குள் பைப் கிளீனர். வெள்ளைத் துணியில் சாம்பல் கறை படியாமல் போகும்வரை விடக்கூடாது. துடைத்த கையோடு எண்ணெய் பூசுங்கள். சிங்கப்பூர் ஈரத்தில் விரல்ரேகை பட்ட இடம் மறுநாளே சிவக்கும். அந்தத் துருவும் மெருகுப் பொடிதான், வெண்கலத்துக்கு ஆகாது.

புஷ் இறுக்கமாக இருக்கிறதென்று வால்வ் கிரைண்டிங் பேஸ்ட் தடவி ஓட்டாதீர்கள். டைம்சேவர் என்ற தேய்ப்புப் பொடி மாதிரி, ஓட்டத்தில் தானே நொறுங்கித் தேயும் பொடியென்றால் பரவாயில்லை. உலோகப் பொடியை அழுத்திச் சுட்ட, எண்ணெய் ஊறிய சின்டர் புஷ்ஷில் ரீமரே கூடாது, நுண்துளைகள் அடைபடும்.

ஜாலான் புசார் பக்கம் துண்டு வாங்கும்போது தர எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். வெறும் ‘பிரான்ஸ்’ (வெண்கலம்) என்றால் பித்தளை கைக்கு வரலாம். நறுக்கிய முகத்தில் செம்மை தெரிகிறதா பாருங்கள். அலுமினிய வெண்கலம் வலுவானதுதான், ஆனால் கடினப்படுத்தாத ஷாஃப்ட்டோடு சேர்க்கக்கூடாது.

கனெக்டிங் ராடின் பெரிய முனைப் புஷ் துளைபோடாமலே கிடக்கிறது. அதற்குள் கிராஸ்ஹெட்டுக்கு (பிஸ்டன் தண்டையும் கனெக்டிங் ராடையும் இணைக்கும் வழுக்குத் துண்டு) சாம்பல் வார்ப்பிரும்பு தேடல்: கிராஃபைட் செதில்கள் மசகுக்கு உதவும், ஆனால் கடைசல் தூளை காந்தம் வைத்துத்தான் பொறுக்க வேண்டும்.