கதவுக்குள் போகும் தண்ணீர்

பழைய காரின் கதவுக் கண்ணாடியை ஒருமுறை இறக்கி ஏற்றிப் பார்த்தாலே உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். மணல் அரைபடும் ஓசை வந்தால், கண்ணாடி வழுக்கிச் செல்லும் பள்ளத்தின் மெத்தென்ற உள்ளுறையான ஃபெல்ட்டில் புழுதி ஏறியிருக்கிறது. கண்ணாடி தடதடவென ஆடினால் ஃபெல்ட்டே தேய்ந்து போயிருக்கிறது. பாதியில் இறுகி நின்றால் அந்தப் பள்ளமான சேனலின் இரும்பு துருவேறி ஊதி, கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பெயிண்ட் எவ்வளவு பளபளத்தாலும் நான் முதலில் கேட்பது இந்த ஒலியைத்தான்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இத்தகைய கார்கள் இன்னும் மிஞ்சியிருக்கின்றன. தோட்டத்துக் கிராணிகளும் (எழுத்தர்கள்) டிரெசர்களும் (மருத்துவ உதவியாளர்கள்) தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் ஒரு காலத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கியவை. பிள்ளைகள் விற்க மனமில்லாமல் வைத்திருப்பவை. எங்கள் பட்டறைக்கு வருபவற்றில் எனக்குப் பிடித்தது மோரிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்து, பதினாறு லட்சத்துக்கும் மேல் தயாரான கார் அது. முன்கண்ணாடி நடுவில் பிளந்து இரண்டு துண்டாக இருந்தால் 1956க்கு முந்தியது. ஒரே வளைந்த கண்ணாடி என்றால் அதன்பின் வந்த மைனர் 1000.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அப்படியொரு மைனர் 1000ஐக் கொண்டுவந்தார். அவருடைய அப்பா தோட்டத்தில் டிரெசராக இருந்தவர். "தம்பி, மழையில் ஓட்டினால் கால் நனைந்துவிடுகிறது. கண்ணாடி ஓரம் முழுக்க சிலிக்கான் வைத்து அடைத்துவிடுங்கள், ஒரு சொட்டுகூட உள்ளே போகக் கூடாது" என்றார்.

"ஐயா, கதவுக்குள் தண்ணீர் போகத்தான் செய்யும். வெளியே வர வழி இருந்தால் போதும்" என்றேன். அவர் நம்பவில்லை. முகத்தில் தெரிந்தது.

பலரும் நம்புவதில்லை. ஏறி இறங்கும் கண்ணாடிக்கும் கதவுத் தகட்டுக்கும் இடையே இருக்கும் ரப்பர் விளிம்பு பெரும்பகுதி நீரைத் தடுக்கும். மீதி உள்ளேதான் இறங்கும். வடிவமைத்தவர்கள் இதை அறிந்தே கதவின் அடியில் துளைகள் விட்டார்கள். தகரக் கூரைக்கு மழைநீரை வடிக்கும் பீலி எப்படியோ கதவுக்கு அந்தத் துளைகள் அப்படி. அடைத்துப் பாருங்கள், பேராக்கில் பிற்பகல்தோறும் கொட்டும் மழை கதவுக்குள்ளேயே தேங்கும். அடித்தகடு உள்ளிருந்து அரித்து, வெளியே கொப்புளம் தெரியும்போது காலம் கடந்திருக்கும். கடைகளில் கிடைக்கும் சிலிக்கான் பசைகளில் சில காயும்போது காடி (வினிகர்) வாடை வீசும். அது அசிட்டிக் அமிலம். வெறும் இரும்பில் பட்டால் துருவை வளர்க்கும். துளையை அடைத்துப் பசை பூசி, வேலை முடிந்தது என்று சாவியை நீட்டுவது எனக்குக் கோபம் வரவழைக்கும் விஷயம். அந்தக் கதவுக்கு மாற்றுக் கதவு எங்கிருந்து வரும்?

ஆசிரியரின் முன்கதவு ஒன்றைக் கழற்றிக் காட்டினேன். கால் நனைந்ததற்குக் காரணம் கண்ணாடி ஓரமே இல்லை. உள்பலகைக்குப் பின்னால் ஒட்டியிருக்க வேண்டிய நீர் புகாத தாளை முன்பு யாரோ கிழித்தெடுத்துவிட்டுத் திரும்ப ஒட்டவில்லை. அடித்துளைகள் தோட்டத்துச் செம்மண்ணால் இறுகியிருந்தன. வெளியேற வழியில்லாத நீர் பலகையை ஊற வைத்து, காரின் தரைக்கு இறங்கியிருந்தது.

அங்கிருந்துதான் வேலை தொடங்கியது. பழைய ஃபெல்ட் சேனலை எவ்வளவு மட்கியிருந்தாலும் நான் எறிவதில்லை. எந்த இடத்தில் வளைகிறது, எவ்வளவு நீளம், எங்கே பிணைப்பு என்பதற்கு அதுவே அளவுகோல். கண்ணாடியின் அடிவிளிம்பைக் கவ்வியிருக்கும் இரும்புச் சேனலை எடுக்கும்போது பொறுமை வேண்டும். பக்கக் கண்ணாடி வெப்பமூட்டிக் கடினமாக்கப்பட்டது. விளிம்பில் ஒரு தட்டு தவறாக விழுந்தால் முழுவதும் நொறுங்கிப்போகும், அறுத்துச் சரிசெய்யவும் முடியாது. துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, புதிய ரப்பர்ப் பட்டை வைத்துத் திரும்பப் பொருத்தினோம். திருகுகளை உடனே முறுக்கவில்லை. தளர்வாக விட்டு, கண்ணாடியை உச்சிவரை ஏற்றி, அது தானாகத் தன் இடத்தில் அமர்ந்த பிறகே இறுக்கினோம். முதலிலேயே முறுக்கிவிட்டால் புது ஃபெல்ட்டும் சீக்கிரமே ஒரு பக்கமாகத் தேயும். கண்ணாடியில் மேலும் கீழுமாக இருந்த கீறல்களில் மெல்லியவை சீரியம் ஆக்சைடு என்னும் மெருகுத்தூள் தேய்த்ததில் மறைந்தன. நகத்தில் தட்டுப்படும் ஆழமானவை அப்படியே இருக்கின்றன.

வெளியே தெரியும் பளபளப்பான உலோகப் பட்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மெருகேற்றும் சக்கரத்தில் வைக்குமுன் உலோகம் எது என்று அறிந்துகொள்வது முக்கியம். காந்தம் ஒட்டினால் ஸ்டெயின்லெஸ் இல்லை என்று சொல்வார்கள். கார்ப் பட்டிகளுக்குப் பயன்படும் ஸ்டெயின்லெஸ் வகைகளில் ஒட்டுபவையும் உண்டு. அலுமினியப் பட்டியில் ஆனோடைஸ் படலம் (மின்சாரம் செலுத்தி உண்டாக்கும் கடினக் காப்பு) இருந்தால் அதைக் காஸ்டிக் சோடாவில் நீக்காமல் தேய்ப்பது வீண் உழைப்பு. குரோம் பூசிய பித்தளையோ பூச்சு உரிந்தபின் எவ்வளவு தேய்த்தாலும் மஞ்சளைத்தான் காட்டும். ஸ்டெயின்லெஸ் நெளிவை உள்பக்கமிருந்து சிறு சுத்தியால் மெதுவாக எழுப்பி, 400 எண் உப்புத்தாளில் தொடங்கி 600, 800 என்று ஏறி, கடைசியில் மெருகுப்பசை. அவசரப்பட்டு ஒரு தாளைத் தாண்டினால் அந்தக் கோடுகள் வெயிலில் காட்டிக்கொடுக்கும்.

ரப்பருக்கு வரும்போது எனக்கு வேறு நினைவுகள் எழும். என் அம்மா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். பக்கத்துக் கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர்க் கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது. அப்படிப்பட்ட மண்ணில் இருந்துகொண்டு, இயற்கை ரப்பர் கார்க் கண்ணாடிக்கு உகந்ததல்ல என்று நான் சொல்ல வேண்டியிருக்கிறது. காற்றிலுள்ள ஓசோனும் வெயிலும் அதன் மூலக்கூறுகளிலுள்ள இரட்டைப் பிணைப்புகளைத் தாக்கும். இழுபட்டு நிற்கும் இடங்களில் குறுக்கே வெடிப்பு விழும். பெட்ரோலியத்திலிருந்து செய்யும் இபிடிஎம் (EPDM) என்னும் செயற்கை ரப்பர் அதை நெடுங்காலம் தாங்கும். முன்கண்ணாடிக்கு அதையே வாங்கச் சொன்னேன். அம்மாவிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன். "டயருக்கு நம் ரப்பர்தானே வேண்டும்?" என்றார். உண்மைதான், கனரக வாகனங்களுக்கும் விமானங்களுக்கும் உரிய டயர்களில் இயற்கை ரப்பரின் இடத்தை வேறெதுவும் முழுமையாக நிரப்பவில்லை.

முன்கண்ணாடியை மாட்ட இரண்டு பேர் வேண்டும். ரப்பரைக் கண்ணாடியில் பொருத்தி, உள்பள்ளத்தில் கயிறு சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவி, வெளியிலிருந்து ஒருவர் உள்ளங்கையால் அழுத்த, உள்ளிருப்பவர் கயிற்றை மெல்ல இழுப்பார். கிரீஸும் எண்ணெயும் ஆகவே ஆகாது. பிறகு ஒருவர் டார்ச்சுடன் காருக்குள் அமர, இன்னொருவர் குழாய்த் தண்ணீரைக் கீழிருந்து மேலாகப் பாய்ச்சிக்கொண்டே வர வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லாமே நனைந்து, கசியும் இடம் தெரியாமல் போகும்.

அந்தச் சோதனையின்போது ஆசிரியரையும் அழைத்திருந்தேன். கதவின் அடித்துளைகளிலிருந்து தண்ணீர் சீராக ஒழுகியதைக் குனிந்து பார்த்தார்; உள்ளே தரையைத் தொட்டுப் பார்த்தார், காய்ந்திருந்தது. துளைகளை எப்படிப் பராமரிப்பது என்று கேட்டார். மாதம் ஒருமுறை ஈர்க்குச்சியால் குத்திவிடச் சொன்னேன். கம்பி பெயிண்ட்டைக் கீறிவிடும். பின்கதவுகள் இரண்டையும் தீபாவளிக்குப் பிறகு செய்துகொள்ளலாம் என்று அவரே நாள் குறித்துக்கொண்டு போனார்.