ரிவெட் தட்டிய நாள்கள்

நீலகிரி மலை ரயிலில் பாலம் வந்தால் எல்லோரும் ஜன்னல் வழியே பள்ளத்தை எட்டிப் பார்ப்பார்கள். நான் அந்தப் பள்ளத்தில் நின்று பாலத்தை அண்ணாந்து பார்த்தவன். கல்லாறு–குன்னூர் பாதையில் பாலப் பராமரிப்பு என் வேலை.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899இல் ரயில் வந்தது. உதகை வரைக்குமான 46 கிலோமீட்டரில் சுமார் 250 பாலங்கள். பல பாலங்களுக்கு அடியில் ஓடுவது பேர் தெரியாத ஓடைதான். கோடையில் செருப்பு நனையாமல் தாண்டலாம். ஐப்பசியில் அதே ஓடை பாறையை உருட்டிக்கொண்டு வரும்.

நெட்டுக்குத்தாக ஒரு இரும்புத் தகடு, அதன் மேலும் கீழும் ஆங்கிள் என்கிற L வடிவ இரும்பு, எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்க ரிவெட் என்கிற தலையுள்ள ஆணி. தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்தரமான பிளேட் கர்டர் என்பது இவ்வளவுதான். பழுக்கக் காய்ச்சி அடித்த ரிவெட் ஆறும்போது சுருங்கித் தகடுகளை இறுக்கிவிடும். அந்தப் பிடி நூறு வருஷம் தாண்டியும் நிற்பதைத் தொட்டுப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

"இந்தப் பக்கம் விரல வை தம்பி, அந்தப் பக்கம் சுத்தியால தட்டு. தளர்ந்ததுன்னா விரல்லயே நடுங்கும்" என்று மேஸ்திரி முதல் வாரமே சொல்லிக்கொடுத்தார்.

ஒரு சாயங்காலம் தூறலும் பனிமூட்டமுமாக இருந்தது. ரிவெட்டெல்லாம் தட்டி முடித்து, நோட்டில் 'நன்று' என்று எழுதிவிட்டேன். "பேரிங் பாத்தியா?" என்றார் மேஸ்திரி. கர்டரின் முனை தூண்மேல் உட்காரும் இடம்தான் பேரிங். அதை நான் பார்க்கவில்லை. அவர் திட்டவில்லை. அந்த வயதில் தானே சரிவில் இறங்கி, கர்டர் முனையில் அடைந்திருந்த சருகைக் கையால் அள்ளிப் போட்டார். அடியில் துரு அப்பளம் அப்பளமாகப் பெயர்ந்து வந்தது. மழை இரும்பைத் தொட்டால் காய்ந்துவிடும். ஈரச் சருகு மாசக்கணக்கில் விடாது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அப்புறம் இரண்டு நாள் சுரண்டி, செந்தூரப் பெயின்ட் அடித்து, கிரீஸ் வைத்தோம். மூன்றாம் நாள் வண்டி வரும் நேரம் அடியில் போய் நின்றோம். ஏறக்குறைய 12 அடிக்கு ஓர் அடி ஏறும் பாதை என்பதால் எஞ்சின் பின்னாலிருந்துதான் தள்ளும். பெட்டிகள் போன பிறகுதான் முழுப் பாரமும் கர்டரில் ஏறும். எஞ்சின் தாண்டும்வரை மேஸ்திரி பேரிங்கை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "இப்ப எழுது" என்றார்.