2.4.0 வெளியீட்டு நாட்குறிப்பு: தெரிந்த பிழைகளோடு விடலாமா?

ஜூன் 3

முதல் ஆர்சி (இறுதி வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு) வெளியே போய்விட்டது. இரண்டு கணினிகளுக்கிடையே கோப்புறைகளை ஒத்திசைக்கும் கட்டளைவரி நிரல் இது, சி மொழியில் எழுதியது. உபுண்டுவில் சோதனைகள் எல்லாம் பச்சை. விண்டோஸில் ஒன்று, மேக்ஓஎஸ்ஸில் ஒன்று, ஆல்பைன் லினக்ஸில் ஒன்று என மூன்று பிழைகள் திறந்திருக்கின்றன.

முதல் வேலையாக, 2.4.0-க்கான நிரல்மூலக் கிளையில் கலந்திருந்த பாதுகாப்புத் திருத்தத்தை கிட் செரிபிக் (ஒரு மாற்றத்தை மட்டும் வேறு கிளைக்கு நகலெடுக்கும் கட்டளை) மூலம் பழைய கிளைக்கு எடுத்துச்சென்று 2.3.4 ஆக வெளியிட்டாயிற்று. அது 2.4.0-க்குள் இருக்கும்வரை "திருத்தம் காத்திருக்கிறதே" என்ற அவசரம் மற்ற எல்லாப் பேச்சையும் அமுக்கிவிடும். இனி அவசரமில்லாமல் பார்க்கலாம்.

ஜூன் 4

விண்டோஸ் பிழை. ஒவ்வொரு ஒத்திசைவின் முடிவிலும் அட்டவணைக் கோப்பை (இரு பக்கக் கோப்புகளின் கடைசி நிலையைப் பதிந்து வைப்பது) தற்காலிகப் பெயரில் எழுதி, பழையதன் மேல் ரீநேம் (பெயர் மாற்றம்) செய்கிறோம். லினக்ஸிலும் மேக்கிலும் பழைய கோப்பை வேறொரு நிரல் திறந்து வைத்திருந்தாலும் ரீநேம் நடந்துவிடும். விண்டோஸில் அந்த நிரல் அழிப்புக்கு அனுமதி தரும் பகிர்வு முறையில் திறந்திருக்காவிட்டால், ரீநேம் செய்யும் மூவ்ஃபைல்எக்ஸ் அழைப்பு பிழை எண் 5 (அனுமதி மறுப்பு) அல்லது 32-ஐ (கோப்பு வேறு நிரலின் பயன்பாட்டில் உள்ளது) திருப்பித் தரும். வைரஸ் தடுப்பானும் தேடல் அட்டவணையாளரும் புதிதாக எழுதப்பட்ட கோப்பை உடனே திறந்து பார்க்கும் வழக்கமுள்ளவை. சிஐ கணினியில் (சோதனைகளைத் தானாக ஓட்டுவது) இவை அந்தக் கோப்புறையைத் தொடாததால் அங்கே பிழை தலைகாட்டவே இல்லை. அட்டவணையைத் திறந்து பிடித்துக்கொண்டு மூன்று நொடி சும்மா இருக்கும் சிறு நிரல் ஒன்றைப் பக்கத்தில் ஓட்டினால் ஒவ்வொரு முறையும் வந்துவிடுகிறது.

ரீநேம் தோற்பதை விட, தோற்றபின் நம் நிரல் செய்வதுதான் கவலை தருகிறது. பழைய அட்டவணையை அழித்துவிட்டு மறுபடி முயல்கிறது. அழிப்பு நடந்து ரீநேம் மறுபடி தோற்றால் அட்டவணையே இல்லை. அடுத்த ஓட்டத்தில் எந்தப் பக்கம் மாறியது என்று நிரலுக்குத் தெரியாது; புதிய நேரமுத்திரை உள்ள கோப்பு வெல்லும், மறுபக்கத்தில் செய்த திருத்தம் சத்தமில்லாமல் போய்விடும். இதோடு வெளியிட முடியாது.

ஜூன் 6

மேக் பிழையைப் பெயர் இரட்டிப்பு என்றுதான் பதிந்திருந்தோம். "கொள்முதல்" என்ற பெயரில் உள்ள "கொ"வின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம்; ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் வட்டு பெயரைப் பிரித்தே சேமிக்கும். அதற்குப் பின் வந்த ஏபிஎஃப்எஸ் வட்டு கொடுத்தபடியே வைத்துக்கொள்ளும், ஆனால் இரண்டு வடிவத்தையும் ஒரே பெயராகக் கருதும். லினக்ஸின் எக்ஸ்ட்4 வட்டு பொதுவாக பைட்டுகளை மட்டும் ஒப்பிடுவதால் அங்கே இரண்டும் வேறு வேறு கோப்பு. எனவே எச்எஃப்எஸ் பிளஸிலிருந்து போனது லினக்ஸில் இரட்டையாக நிற்கிறது. எதுவும் அழிவதில்லை; 2.3-லும் இப்படித்தான். தடையாக வைக்க வேண்டாம் என்று தோன்றியது.

எதிர்த்திசையில் ஓட்டிப் பார்த்ததும் நிலைமை மாறியது. லினக்ஸில் இரண்டு வடிவத்திலும் உள்ளடக்கம் வேறான இரண்டு கோப்புகள் இருந்தால், ஏபிஎஃப்எஸ்ஸுக்குப் போகும்போது இரண்டாவது முதலாவதன் மேல் எழுதிவிடுகிறது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து மட்டுமே வேறுபடும் ஆங்கிலப் பெயர்களுக்கும் இதே கதிதான், மேக் வட்டின் இயல்பமைப்பு அந்த வேறுபாட்டையும் பார்க்காது. ஆக ஒரே பதிவுக்குள் இரண்டு பிழைகள்: தொல்லை மட்டும் தரும் ஒன்று, தரவைத் தின்னும் ஒன்று. தனித்தனிப் பதிவாகப் பிரித்தாயிற்று.

தின்னும் பிழைக்குத் திருத்தம் சிறியது. கோப்பு புதிது என்று அட்டவணை சொன்னால், அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கும்போது தோற்றுப்போகும் ரீநேமைப் பயன்படுத்த வேண்டும்: மேக்கில் ரீநேம்எக்ஸ்_என்பி அழைப்புடன் ரீநேம்_எக்ஸ்சிஎல், லினக்ஸில் ரீநேம்ஏட்2-உடன் ரீநேம்_நோரீப்ளேஸ். தோற்றால் அந்தக் கோப்பை விட்டுவிட்டு இரண்டு பெயரையும் பைட் வடிவில் அச்சிடுகிறோம். இரட்டிப்புக்கான முழுத் தீர்வு, அதாவது ஒப்பிட மட்டும் பெயரை என்எஃப்சி வடிவுக்கு (குறியீடுகளைச் சேர்த்து எழுதும் யூனிகோட் வடிவு) மாற்றி, திறக்க மூலப் பெயரையே வைத்துக்கொள்வது, அட்டவணை வடிவத்தையே மாற்றும். ஆர்சிக்குப் பிறகு அதைத் தொடக் கூடாது.

ஜூன் 7

ஆல்பைன். ஆழமான கோப்புறைகளில் நிரல் செத்துவிடுகிறது. ஆல்பைன் பயன்படுத்தும் மசல் நூலகத்தில் த்ரெட்டின் (நிரலுக்குள் இணையாக ஓடும் இழை) இயல்பான ஸ்டாக் (அதன் தற்காலிக நினைவிடம்) 128 கேபி. உபுண்டுவின் ஜிலிப்சி நூலகத்தில் பெரும்பாலும் 8 எம்பி. கோப்புறைக்குள் கோப்புறையாக இறங்கும் நம் சுழல் அழைப்பு, மட்டத்துக்கு 4,096 பைட் பாதை இடையகத்தை ஸ்டாக்கில் வைக்கிறது. 128-ஐ நான்கால் வகுத்தால் 32. முப்பது மட்டத்தைத் தொடும்போதே தீர்ந்துவிடும். மேக்கின் துணை த்ரெட்டுகளுக்கு 512 கேபிதான், அங்கேயும் 128 மட்டத்துக்குள் இதே முடிவு. ஸ்டாக் அளவை 8 எம்பி என்று நாமே கேட்டுவிடுகிறோம். இடையகத்தை ஹீப்புக்கு (நிரலின் பொது நினைவிடம்) மாற்றுவது 2.5-ல்.

ஜூன் 9

"மூன்றும் முழுதாகத் தீரும்வரை நிறுத்துவோம்" என்பது ஒரு கருத்து. அதன் பின்னால் உள்ள அக்கறை நியாயமானது. ஆனால் பெரிய திட்டங்கள் பிழைகளின் எண்ணிக்கையைப் பார்த்து நிறுத்துவதில்லை. டெபியன் லினக்ஸில் கிரிட்டிக்கல், கிரேவ், சீரியஸ் ஆகிய மூன்று பிழைநிலைகளே வெளியீட்டைத் தடுக்கும். தரவு இழப்பு அவற்றில் அடங்கும். பைத்தான் மொழியின் பெப் 11 என்ற விதி ஆவணம் தளங்களை அடுக்காகப் பிரிக்கிறது: முதல் இரண்டு அடுக்கில் தோல்வி வந்தால் வெளியீடு நிற்கும், மூன்றாவதில் நிற்காது. நமக்குத் தேவைப்படுவது இந்த இரண்டும் சேர்ந்த ஒன்று. தரவை அழிக்கும் பிழை எந்தத் தளத்தில் இருந்தாலும் தடை. 2.3-ல் வேலை செய்து இப்போது உடைந்தது, சிஐ உள்ள தளத்தில் தடை. மற்றவை குறிப்போடு போகலாம்.

ஜூன் 10

முடிவு. விண்டோஸில் அழித்துவிட்டு முயலும் பகுதி நீக்கம். அதற்குப் பதில் 10 மில்லிநொடியில் தொடங்கி ஒவ்வொரு முறையும் இரட்டித்து 1,280 வரை எட்டு காத்திருப்பு, மொத்தம் சுமார் 2.5 நொடி. அப்போதும் முடியாவிட்டால் பழைய அட்டவணை அப்படியே இருக்கும், நிரல் பிழைக் குறியீட்டோடு நிற்கும். பிழை தீரவில்லை. ஆனால் இப்போது அது சொல்லிவிட்டுத் தோற்கிறது, மறுபடி ஓட்டினால் போதும். இந்த நிலையில் வெளியிடலாம்.

வெளியீட்டுக் குறிப்பில் "விண்டோஸில் சில சிக்கல்கள்" என்று எழுதுவது யாருக்கும் உதவாது. போகும் வாசகம்: "விண்டோஸ்: வேறு நிரல் அட்டவணைக் கோப்பைத் திறந்து வைத்திருந்தால் ஒத்திசைவு பிழை 5 அல்லது 32 உடன் நிற்கலாம். கோப்புகளுக்குச் சேதமில்லை. மறுபடி ஓட்டவும், தொடர்ந்து வந்தால் அட்டவணைக் கோப்புறையை வைரஸ் தடுப்பானின் விலக்குப் பட்டியலில் சேர்க்கவும்." இது புதிய வசதிகளுக்கு மேலே, முதல் பத்தியாக வரும்.

ஜூன் 12

ஆர்சி2. தெரிந்த பிழைக்கான சோதனைகளை ஸ்கிப் செய்யாமல், பைடெஸ்ட் சோதனைக் கருவியில் கண்டிப்பான எக்ஸ்ஃபெயிலாக (தோற்றே தீரும் என்று எதிர்பார்க்கும் சோதனையாக) குறித்தோம். ஸ்கிப் செய்தால் சோதனை ஓடவே ஓடாது. இதில் பிழை சரியான அன்றைக்கே சிஐ சிவப்பாகிச் சொல்லும்.

இதற்கும் இறுதி வெளியீட்டுக்கும் இடையே பதிப்பு எண் தவிர ஒரு வரியும் மாறாது. மாறினால் ஆர்சி3.

ஜூன் 19

டேக் (இந்த வெளியீட்டின் மூலத்தைக் குறிக்கும் கிட் அடையாளம்) கையொப்பமிட்டு, மூலத் தொகுப்பும் சரிபார்ப்புத் தொகையும் ஏற்றியாயிற்று. விண்டோஸ் பைனரி (நேரடியாக ஓட்டக்கூடிய கோப்பு) கட்ட நேரமானதால், வந்த சின்ன மாற்றத்தையும் சேர்த்து டேக்கை நகர்த்தலாமா என்ற கேள்வி வந்தது. கூடாது. விநியோகங்களின் பொதியாளர்கள் அந்தச் சரிபார்ப்புத் தொகையை ஏற்கெனவே பதிந்திருப்பார்கள்; ஒரே எண்ணில் இரண்டு மூலம் உலவினால் எந்தப் பிழையறிக்கை எதைச் சேர்ந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பைனரி மாலையில் அதே டேக்கிலிருந்து வந்தது. மாற்றம் 2.4.1-க்குப் போகிறது.

ஜூன் 22

பிழை 32 பற்றி அறிக்கைகள் வருகின்றன, எதிலும் அட்டவணை கெடவில்லை. கோப்பைப் பிடித்திருக்கும் நிரலின் பெயரை விண்டோஸின் ரீஸ்டார்ட் மேனேஜர் வழியாகக் கேட்டு, பிழைச் செய்தியிலேயே காட்டலாம். 2.4.1-ல் முதல் வேலை அது.