லாரி வருவதற்குள்

டிசம்பர் 20

எங்கள் பெண் வாத்து வெள்ளச்சி இன்று அடையில் உட்கார்ந்துவிட்டாள். நேற்றுவரை முட்டையிட்டு, வாழைச் சருகால் மூடிவிட்டு எழுந்து போய்க்கொண்டிருந்தாள். காலையில் பார்த்தால் மார்புத் தூவியைப் பிய்த்துக் கூடு முழுக்கப் பரப்பியிருக்கிறாள். கிணற்றுக்கும் பழைய அடுக்களைக்கும் நடுவில், அப்பா சாய்த்து வைத்த தகரத்தின் கீழ்தான் கூடு. ஏழு முட்டைகள். ஒவ்வொன்றும் கோழி முட்டை மூன்றின் எடை இருக்கும்.

பெரிய வாத்துக்கு (நாங்கள் வாத்து என்பது இதைத்தான், சின்னது தாரா) அடை முப்பது நாள், ஒன்றிரண்டு நாள் முன்பின் ஆகலாம். காலண்டரில் விரல் வைத்துப் பார்த்தேன். ஜனவரி 19. வீடு மாற லாரி சொல்லியிருப்பது ஜனவரி 18.

டிசம்பர் 21

மார்கழியில் யாரும் வீடு மாறுவதில்லை. அதனால்தான் இவ்வளவு நாளாவது கிடைத்தது.

டிசம்பர் 23

இரவெல்லாம் மழை. தீவன அறையில் ஓடு ஒழுகி, தேங்காய்ப் புண்ணாக்கு மூட்டையின் ஓர் ஓரம் பச்சையாகப் பூத்துவிட்டது. "அந்த இடத்தை மட்டும் உடைத்து எறிந்துவிட்டு மீதியைக் கொடு, மக்களே" என்றாள் அம்மை. கொடுக்க மாட்டேன். பூஞ்சை கண்ணுக்குத் தெரிகிற இடத்தோடு நிற்பதில்லை. அது விடுகிற அஃப்ளடாக்சின் நஞ்சு, வேகவைத்தாலும் போகாது. கோழி ஓரளவு தாங்கும். தாராவும் வாத்தும் தாங்காது, ஈரல் போய்விடும். 1960-இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்த பிறகுதான் இப்படி ஒரு நஞ்சு இருப்பதையே உலகம் கண்டுபிடித்தது. அன்றைக்குக் காரணம் கடலைப் புண்ணாக்கு. அந்தப் பறவைகளை வளர்த்தவர்கள் எத்தனை நாள் எதுவும் புரியாமல் தொழுவத்தில் நின்றிருப்பார்கள்!

மூட்டையோடு குழி வெட்டிப் புதைத்தேன். கோழிகள் கிளறிவிடக் கூடாது என்று மேலே கல்லும் வைத்தேன். மைனி, அண்ணன் மனைவி, ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். காசைப் பற்றி நினைத்திருப்பாள். நினைக்கட்டும்.

டிசம்பர் 24

அவள் எழுந்திருக்கவில்லை. அவள் ஜோடி துரை கூட்டிலிருந்து நாலடி தள்ளி நின்றபடியே தூங்குகிறான்.

டிசம்பர் 26

அளக்க வந்தவர்கள் மறுபடியும் வந்தார்கள். கேட்டைத் திறந்ததுமே துரை கழுத்தைத் தரையோடு தாழ்த்தி, சிறகை விரித்துச் சீறிக்கொண்டு போனான். ஒருவர் நாடாவைப் போட்டுவிட்டுச் சாலைக்கே ஓடிவிட்டார். அண்ணன் வந்து மன்னிப்புக் கேட்டு, துரையைக் கூடையால் மூடச் சொன்னான். மூடினேன். உள்ளே இருந்துகொண்டு அவன் போட்ட சத்தம் சானல் கால்வாய் வரைக்கும் கேட்டிருக்கும். எனக்கு அந்தச் சத்தம் வேண்டியிருந்தது. இந்த வீட்டில் யாராவது ஒருவர் அப்படிக் கத்த வேண்டும்.

டிசம்பர் 28

இரவு முட்டைகளை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். அம்மை துரையைப் பிடித்துக்கொண்டாள், நான் வெள்ளச்சியின் அடியில் கைவிட்டேன். கடித்தாள், மணிக்கட்டில் இப்போதும் நீலம். இருட்டில் முட்டையின் பருத்த பக்கத்தில் வெளிச்சத்தை ஒட்டிப் பிடித்தால் உள்ளே சிவப்பு நரம்புகள் சிலந்தி வலை போலப் பரவியிருப்பது தெரியும். நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. உற்றுப் பார்த்தால் அது அசைகிறது.

ஐந்தில் இருந்தது. இரண்டு வெறும் முட்டை, எடுத்துவிட்டேன். கெட்டுப்போய்க் கூட்டுக்குள்ளேயே வெடித்தால் மற்றவற்றையும் நாசமாக்கிவிடும்.

ஐந்து.

டிசம்பர் 30

துரை வயல் ஏலாவில் இறங்கிவிட்டான். கும்பப்பூ பயிர் பச்சைப் பசேலென்று நிற்கிறது, புல் தின்கிற பறவைக்கு அது நெல் என்று எப்படித் தெரியும்? வயல்காரர் கோபப்பட்டதில் தப்பில்லை. எனக்கு வேறு பயம். முந்தாநாள்தான் அங்கே மருந்து அடித்தார்கள். மாலை முழுக்க அவன் எச்சத்தையும் நடையையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். நன்றாகத்தான் இருக்கிறான்.

ஜனவரி 2

பறவைக் காய்ச்சல் என்று யாரோ அண்ணனுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். எங்கே, எப்போது என்று ஒன்றும் இல்லை. கால்நடை மருந்தகத்தில் போய்க் கேட்டேன், நம் மாவட்டத்தில் எதுவும் இல்லை என்றார்கள். ஆனாலும் தூக்கம் வரவில்லை. 2021 ஜனவரியில் ஆலப்புழையிலும் கோட்டயத்திலும் வந்தபோது களியக்காவிளை எல்லையில் வண்டிகளுக்கு மருந்து அடித்தார்கள். 2024 ஏப்ரலில் ஆலப்புழையில் மறுபடியும் வந்தது. நோய் உறுதியான இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிற அத்தனை வளர்ப்புப் பறவைகளையும் அழித்துவிடுவார்கள். வீட்டில் வளர்ப்பது, அடையில் இருப்பது என்றெல்லாம் விலக்கு கிடையாது. அது சரியான விதிதான், எனக்குத் தெரியும்.

அண்ணனுக்கு வந்த செய்தி மைனிக்கு ஒரு சாக்கு. "இதோடு விட்டுவிடலாமே" என்கிறாள்.

ஜனவரி 3

புது வீடு மாடி. மண்ணே கிடையாது.

அதனால் இரண்டு இடங்கள்தான். ஒன்று தேரூரில் சித்தி வீடு. குளக்கரை, வேண்டிய அளவு புல். வேறு யாராக இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு அங்கே விடுவார்கள். ஆனால் சுசீந்திரம், தேரூர் குளங்களுக்கு இந்த மாதங்களில்தான் வடக்கிலிருந்து பறவைகள் வந்து இறங்கும். 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்த்ததே அவற்றுக்காகத்தான். காட்டுத் தாராக்கள் நோய் இல்லாதவை போலவே இருந்து வைரஸைச் சுமந்துகொண்டு வரக்கூடும். ஒரே தண்ணீரில் என் வாத்துகளும் நீந்தினால்?

இன்னொன்று குலசேகரம் பக்கம் மாமாவின் ரப்பர் தோட்டம். அங்கே மரநாய். ரப்பர் நிழலில் புல்லும் குறைவு. ஆனால் மரநாய்க்குக் கம்பிவலை அடிக்கலாம். வைரஸுக்கு என்ன அடிப்பது?

ஜனவரி 4

மாமாவிடம் பேசிவிட்டேன். வலை நான் வாங்கித் தர வேண்டும். கண்ணி சிறிதாக இருக்க வேண்டும், மரநாய் கைவிட முடியாத அளவு.

ஜனவரி 6

ஒருவர் துரையை மட்டும் கேட்டு வந்தார். பண்ணைக்குக் காவலாம். நல்ல விலைதான் சொன்னார். அண்ணன் என் முகத்தைப் பார்த்தான்.

ஜோடி சேர்ந்த வாத்தைப் பிரித்தால் மாதக்கணக்கில் தேடிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும், சில நேரம் சாப்பாட்டையே விட்டுவிடும். இரண்டையும் அப்பா தொடுவட்டிச் சந்தையிலிருந்து ஒரே கூடையில் கொண்டுவந்தார். வாத்து இருபது வருடம்கூட இருக்கும். விற்கவில்லை என்று நானே சொன்னேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. உயரட்டும்.

ஜனவரி 9

ஒரு நாளைக்கு ஒரு முறை எழுந்திருக்கிறாள். முட்டைகளைத் தூவியால் மூடிவிட்டு நேரே சிமெண்ட் தொட்டிக்குப் போய் முங்கி எழுகிறாள். இரண்டு வாய் அரிசிக் குருணை, நாலு வாய் புல். உடம்பைத் துவட்டாமல் நனைந்த மார்போடு வந்து உட்கார்கிறாள். அந்த ஈரம் முட்டைக்கு வேண்டும், இல்லாவிட்டால் உள்சவ்வு காய்ந்து குஞ்சு உடைத்து வர முடியாமல் மாட்டிக்கொள்ளும். உட்கார்ந்ததும் அலகின் அடிப்பக்கத்தால் ஒவ்வொரு முட்டையாகத் தன் பக்கம் உருட்டித் திருப்புகிறாள். அவள் எழுந்து போகும் அந்தக் கால் மணி நேரமும் நான் மூச்சுவிடாமல் நிற்கிறேன். அம்மை பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருக்கிறாள். எனக்கு உதவப் போக மனமில்லை.

ஜனவரி 12

நடு இரவில் துரையின் அலறல். தகரத்தின் மேல் மரநாய். டார்ச்சைக் கண்டதும் தென்னையில் ஏறிவிட்டது. விடியும் வரை கிணற்றடியிலேயே உட்கார்ந்திருந்தேன். முட்டைகள் ஐந்தும் இருக்கின்றன.

மாமாவிடம் இரட்டை வலை அடிக்கச் சொல்ல வேண்டும்.

ஜனவரி 15

பொங்கல். அம்மை நம் கிணற்றுத் தண்ணீரில்தான் வைக்க வேண்டும் என்றாள். வைத்தோம். அவள் சாப்பிடவில்லை.

ஜனவரி 16

இரண்டு நாள் தள்ளிப் போட முடியாதா என்று கேட்டேன். லாரி, ஆட்கள், நல்ல நேரம், எல்லாம் சொல்லியாயிற்று என்று அண்ணன் கத்தினான். ஐந்து முட்டைக்காகவா என்று மைனி கேட்டாள். ஆமாம், ஐந்து முட்டைக்காகத்தான்.

மாலையில் கூட்டருகே குனிந்தபோது கேட்டது. முட்டைக்குள்ளிருந்து ஒரு கீச்சொலி. வெள்ளச்சி அடித்தொண்டையில் பதில் சொன்னாள். அண்ணனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து கேட்க வைத்தேன். வெகுநேரம் குனிந்தபடியே நின்றான்.

ஜனவரி 17

அதிகாலையில் மூன்றில் விரிசல். ஒன்றில் அலகு நுனி தெரிகிறது. உடைத்து உதவக் கூடாது. மஞ்சள் கரு முழுக்க வயிற்றுக்குள் போய், ஓட்டோடு ஒட்டிய ரத்த நரம்புகள் வற்றிய பிறகுதான் குஞ்சு வெளியே வர வேண்டும். விரிசலிலிருந்து வெளிவர ஒரு முழு நாள்கூட ஆகும். வந்துவிட்டால் பயமில்லை. அந்த மஞ்சள் கருவிலேயே ஒரு நாளுக்கு மேல் தீனியில்லாமல் இருக்கும், குலசேகரம் வரை தாராளமாகப் போகலாம்.

விரிசல் விடாத இரண்டுக்கு அட்டைப் பெட்டி, தூவி, வெந்நீர்ப் பாட்டில். வெள்ளச்சி கூடையில், துரை பக்கத்திலேயே, ஒருவரையொருவர் பார்க்கும்படி. குஞ்சுத் தீவனத்தில் ஈஸ்ட் கலக்க வேண்டும். கோழிக் குஞ்சைவிட இவற்றுக்கு நியாசின் என்கிற வைட்டமின் அதிகம் தேவை, குறைந்தால் கால் வளைந்துவிடும். புது மூட்டைத் தீவனம் வாங்கியாயிற்று, அடிவரை கைவிட்டுப் பார்த்தேன், காய்ந்துதான் இருக்கிறது.

லாரிக்கு முன்னால் மாமாவின் ஜீப் வந்துவிட வேண்டும். அண்ணன் தானே கூட வருகிறேன் என்கிறான்.

இரவு பதினொன்று. முதல் குஞ்சு வெளியே. இரண்டாவது பாதி. அம்மை கூப்பிடுகிறாள், துரை கேட்டருகே யாரையோ