எரிஞ்சது அம்ப் இல்லை

நிலாவெளியிலிருந்து ஹயர் முடித்து இரவில் திரும்பும்போதுதான் என் வேனில் ஸ்பீக்கருக்குச் சத்தம் கூட்டிக் கொடுக்கிற அம்ப் முதன்முதலாகச் செத்தது. ஏசி ஓடுது, ஹெட்லைட் எரியுது, பின்சீட்டுப் பிள்ளைகள் "அங்கிள், பாட்டை இன்னும் கூட்டுங்க" என்று கத்த, நானும் கூட்டினேன். அதோடு பேஸ் நின்றுவிட்டது. கடைசி சீட்டுக்குக் கீழே டோர்ச் அடித்துப் பார்த்தால் அம்பில் புரொடெக்ட் லைட் (கோளாறு வந்தால் அம்ப் தன்னைக் காக்க நின்றுகொண்டு காட்டுகிற லைட்) சிவப்பாக முறைக்குது. சத்தத்தைக் குறைத்து, ஓஃப் செய்து போட்டால் பச்சை. கூட்டினால் திரும்பவும் சிவப்பு.

அடுத்த நாள் காட்டிய இடத்தில் பாஸ் மூடியைக்கூடக் கழற்றவில்லை. "தம்பி, அம்ப் எரிஞ்சு போச்சு. புதுசு போடுங்க." எரிந்த அம்ப் சத்தத்தைக் குறைத்தால் மட்டும் எப்படிப் பாடும்? கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. வேனைத் திருப்பிக்கொண்டு உப்புவெளிக்கு வந்துவிட்டேன்.

முதலில் ஸ்பீக்கர் பக்கம். அம்பிலிருந்து சப்வூஃபர் (பேஸ் ஸ்பீக்கர்) வயரைக் கழற்றி மீற்றர் வைத்தேன்: 3.6 ஓம். 4 ஓம் சப்புக்கு அது சரியான கணக்கு. அதே வயருக்கும் வேனின் இரும்பு பொடிக்கும் (உடலுக்கும்) இடையில் ஒன்றும் காட்டவில்லை, எங்கேயும் உரசி ஷோர்ட் ஆகவில்லை. ஆக, சந்தேகம் கரண்ட் வருகிற பக்கம்.

இங்கேதான் நான் அரை நாளை வீணாக்கினேன். அம்பின் மைனஸை வேன் பொடியோடு சேர்க்கிற ஏர்த் வயரை ஓமில் பார்த்தேன், 0.4 காட்டியது. நல்லாத்தானே இருக்கு என்று விட்டுவிட்டேன். பின்னேரம் மச்சான் வந்து, "மீற்றர்ட ரெண்டு முனையையும் சேர்த்துப் பிடிச்சுப் பாருங்க" என்றான். பிடித்தேன், 0.3. மலிவு மீற்றர், தன் வயரையே அளந்து காட்டியிருக்கிறது! மிச்சம் 0.1க்குள் என்ன இருக்கென்று அதற்குத் தெரியாது. ஆனால் 0.09 ஓம் இருந்தாலே 30 அம்பியர் ஓடும்போது 2.7 வோல்ட் அங்கேயே கரைந்துவிடும்.

அதனால் ஓமை விட்டுவிட்டு, ஓடவிட்டே அளந்தோம். சப்பைத் திரும்ப மாட்டி, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, ஃபோனிலிருந்து 50 ஹேர்ட்ஸ் ஒலியை ஒரே சீராகப் போட்டு, சிவப்பு விழும் கட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தினோம். பாட்டுப் போட்டால் முள் ஆடுகிற மாதிரி எண் ஆடும், ஒன்றும் பிடிபடாது. பற்றரியில் 13.5 வோல்ட். அம்பின் முனையில் 10.4, இன்னும் இறங்கினால் அம்ப் தன்னைக் காக்க நின்றுவிடும். பற்றரி பிளஸ்ஸுக்கும் அம்ப் பிளஸ்ஸுக்கும் இடையில் 0.4 மட்டும். பற்றரி மைனஸுக்கும் அம்பின் ஏர்த் முனைக்கும் இடையில் 2.7! மச்சான் சிரித்தான், நான் சிரிக்கவில்லை.

பற்றரி மைனஸைக் கழற்றிவிட்டு, கார்ப்பெட்டைக் கிளப்பி ஏர்த் நட்டைத் திருகினேன். லக்கை (வயர் முனையில் இருக்கிற வளையத்தை) தூக்கினால் கீழே பெயின்ற் அப்படியே இருக்குது. பூட்டினவர் சுரண்டவே இல்லை. நட்டைச் சுற்றிக் கறள், செம்பு இழைகளில் பச்சைக் களிம்பு. வயரின் தோலை இன்னும் இரண்டு அங்குலம் சீவிப் பார்த்தேன், உள்ளேயும் பச்சை. கடலுக்கும் எங்கள் வாசலுக்கும் இடையில் ஒரு தெருதான், உப்புக் காற்று பெயின்றுக்குக் கீழேயே புகுந்துவிடும்.

புதுத் தடித்த வயர், புது லக். பொடியில் ஒரு ரூபாய்க் குத்தி அளவுக்கு சாண்ட்பேப்பரால் தேய்த்து இரும்பு மினுங்க வைத்தேன். சீட்பெல்ட் போல்ட்டில் பூட்டச் சிலர் சொல்வார்கள், நான் அதில் கை வைக்கமாட்டேன். பூட்டி முடித்து மேலே கிறீஸ் பூசினேன். திரும்ப அளந்தால் ஏர்த் பக்கம் 0.1.

அதற்குப் பிறகு ஏசியும் ஹெட்லைட்டும் போட்டு மூதூர்வரை போய் வந்தாயிற்று, சிவப்பு விழவில்லை. அக்சிலரேட்டரை அமத்தும்போது மட்டும் ஸ்பீக்கரில் ஒரு மெல்லிய சிணுங்கல் கேட்குது. அம்புக்குப் பாட்டைக் கொண்டுவருகிற ஆர்சிஏ வயரும் கரண்ட் வயரும் ஒரே பக்கத்தால் கட்டிக்கிடக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மறுபக்கத்தால் இழுத்துப் பார்க்க வேண்டும்.